மங்கில் என்ன இருந்தது?

நம் தோட்டக் கதைகளில் கள்ளு நிறைய ஓடுகிறது. ஆனால் அது எப்படி இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. சம்பள நாள், கள்ளுக்கடை, தள்ளாடி வரும் அப்பா, அடி வாங்கும் அம்மா, மூலையில் ஒடுங்கிய பிள்ளைகள். நான் படித்தவற்றில் இருபது கதைகளாவது இந்த வரிசை மாறாமல் போகின்றன. மங்கில் இருந்தது புளித்ததா, இனித்ததா? தெரியாது. குடிக்கிறவனுக்கு வாய் இருக்கிறது, நாக்கு இல்லை.

இது எனக்கு உறைத்தது ஒரு திராட்சைத் தோட்டத்தில். வேலை விஷயமாகப் புனே போனபோது கிடைத்த இரண்டு நாள் லீவில் நாசிக் போனேன். 2000இல் முதல் ஒயினை விற்பனைக்குக் கொண்டுவந்த சூலா தோட்டம் அங்கே கங்காப்பூர் அணைப் பக்கம் இருக்கிறது. நான் போனது பிப்ரவரி, அறுவடை நேரம். ஐரோப்பாவில் செப்டம்பர் வாக்கில் பறிப்பார்கள். இங்கே கொடி குளிரில் உறங்குவதில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை வெட்டிவிட்டு, மழை ஓய்ந்த குளிர்மாதங்களில் பழுக்க வைக்கிறார்கள்.

வெள்ளையில் தொடங்கிச் சிவப்பு வரை, ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு. ஊற்றிக் கொடுத்த பெண் "பிடிச்சிருக்கா?" என்று கேட்கவில்லை. "என்ன வாசம்?" என்றுதான் கேட்டார். சொவிஞ்ஞோன் பிளாங்கை முகர்ந்ததும் எனக்கு வந்தது கொய்யா. பழுத்தது இல்லை, பல் கூசும் பச்சைக் காய். பக்கத்தில் இருந்தவர் குடைமிளகாய் என்றார். அதுவும் சரிதான், குடைமிளகாய்க்கு அந்த வாசத்தைக் கொடுக்கும் பைரசின் என்ற பொருள் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. தனியாகக் குடித்தபோது இது வெறும் புளிப்பு. அடுத்து ஷெனின் பிளாங்கைக் குடித்துவிட்டு இதற்குத் திரும்பியபோதுதான் இரண்டும் வேறு வேறு என்று தெரிந்தது. தொழிற்சாலையில் ஒரு சென்சாரைச் சரிபார்க்கணும்னா, தெரிந்த அளவோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்போம். நாக்குக்கும் அதே வழிதான் போல.

1984இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் குழுவினர் ஒயினுக்கு ஒரு வாசனைச் சக்கரம் போட்டார்கள். உள்வட்டத்தில் 'பழம்' என்று பொதுவாக இருக்கும். வெளிவட்டத்துக்குப் போகப்போக எந்தப் பழம் என்று சொல்லியாக வேண்டும். 'நேர்த்தி', 'அற்புதம்' மாதிரி சொற்களுக்கு அதில் இடமே இல்லை. (நம் நூல் விமர்சனங்களுக்கும் யாராவது ஒரு சக்கரம் போட்டுக் கொடுக்கலாம். 'செறிவான மொழி'யை முதலில் தூக்கிவிடலாம்.)

தமிழில் இதற்கெல்லாம் சொல் இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பில் கள் செய்யும் முறையையே எழுதி வைத்திருக்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளை அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் பிழிய வேண்டும். அந்த அடை புற்றுக்குள் இருக்கும் குரும்பி போல இருக்குமாம். புற்றை உடைத்துப் பார்த்தவன்தான் இதை எழுத முடியும். கூடவே சுட்ட மீன் கிடைக்கும் என்றும் சொல்கிறார். புறநானூற்றின் 120ஆம் பாட்டில் கபிலர் மண்ணில் புதைத்து முதிர வைத்த தேறலைச் சொல்கிறார். 392இல் ஔவைக்கு நாள்பட்ட தேறலின் சுறுக்கு தேள் கொட்டினது போல இருக்கிறது.

அப்புறம் இந்த நாக்கு எங்கே போனது? குறளில் ஓர் அதிகாரமே கள்ளுக்கு எதிராக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் நம் எழுத்தாளர்களை அடக்கியது குறள் இல்லை, தோட்டம். கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. கொடுத்த கூலி அங்கேயே திரும்பி வந்தது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் கோரிக்கையாக இருந்தது. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்து நின்றது. இதையெல்லாம் பார்த்த தலைமுறை எழுத உட்கார்ந்தபோது, கள்ளின் ருசியைச் சொல்வது துரோகம் மாதிரி இருந்திருக்கும். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அதற்குப் பின்வந்த நாமும் ஏன் அதே கதையை எழுதுகிறோம் என்பதுதான் என் கேள்வி.

இப்போது புக்கிட் காத்திலில் எங்களோடு தாமான் வீட்டில் இருக்கும் பாட்டி, ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். கள்ளைத் தொட்டதே இல்லை. நாசிக் போய் வந்து கேட்டபோது சொன்னார்: "மத்தியானக் கள்ளுன்னா இனிப்பு கொஞ்சம் நிக்கும்பாரு ஒங்க தாத்தா. பொழுது எறங்குனா புளிச்சுப் போயிரும். அதுக்குத்தான் வேலை விட்டதும் ஓடுவாரு." கொஞ்சம் பொறுத்து, "வந்து என்னைய அடிக்கவும் செய்வாரு" என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

அவர் சொன்னது இரசாயனப்படியும் சரி. பாளையிலிருந்து இறங்கிய சில மணி நேரத்திலேயே சாறு நுரைத்துவிடும். விட்டால் காடிதான். ஒயின் மாதிரி வருஷக் கணக்கில் வைத்துக் காத்திருக்க முடியாது. அந்த அவசரம் தாத்தாவின் ஓட்டத்தில் இருந்தது. நம் கதைகளில் அவர் தள்ளாடுவது மட்டும்தான் இருக்கிறது. இனிப்பு நிற்கும் அந்த நேரத்தைக் காட்டிய பிறகு விழும் அடி, வாசகனுக்கு இன்னும் பலமாக வலிக்கும் என்றே நினைக்கிறேன். இப்போது குடிகாரன் என்ற சொல் வந்ததுமே அடி வரப்போவது தெரிந்துவிடுகிறது.

கள்ளுக்கு அடுத்து சம்சு வந்தது. பல கதைகளில் கள்ளு என்று எழுதிய இடத்தில் சம்சு என்று மாற்றினாலும் ஒரு வரிகூடத் திருத்த வேண்டியிருக்காது. ஒன்று அன்று காலை மரத்திலிருந்து இறங்கியது, இன்னொன்று காய்ச்சி வடித்துப் போத்தலில் அடைத்து வந்தது. முதல் மடக்கிலேயே வித்தியாசம் தெரிந்திருக்கும், குடித்தவருக்கு.