கிரானா கரானாவும் 24 பிட்டும்

ஒலித்தரத்தைச் சொல்லி இசை விற்கும் போட்டி இந்தியாவுக்குத் தாமதமாகத்தான் வந்தது. 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் கூடுதல் கட்டணம் எதுவும் வாங்காமல் லாஸ்லெஸ் ஒலியைத் தரத் தொடங்கியபோது இங்கே அதன் மாதச் சந்தா 99 ரூபாய். அதே ஆண்டு பிப்ரவரியில் லாஸ்லெஸ் தருவதாக அறிவித்த ஸ்பாட்டிஃபை, சொன்னதைச் செய்ய 2025 செப்டம்பர் வரை எடுத்துக்கொண்டது. இந்தியாவில் அதே ஆண்டு நவம்பரில் கொண்டுவந்த 299 ரூபாய் பிளாட்டினம் திட்டத்தில்தான் அந்த வசதியை வைத்தது. ஆடியோஃபைல்கள் பெரிதாகப் பேசும் டைடலும் கோபஸும் முறைப்படி இங்கே கடை விரிக்கவே இல்லை. அவற்றைக் கேட்பவர்கள் வெளிநாட்டு முகவரி, வெளிநாட்டு அட்டை என்று சுற்றுவழியில் கேட்கிறார்கள். இந்தச் சேவைகளை ஒப்பிட்டு எழுதப்படும் எல்லாவற்றிலும் ஒரே அட்டவணை திரும்பத் திரும்ப வரும்: எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ், எத்தனை கோடிப் பாடல்கள். புனே போன்ற ஊரில், அதாவது 1953இல் தொடங்கிய சவாய் கந்தர்வா விழாவுக்காக ஆயிரக்கணக்கானோர் குளிரில் உட்கார்ந்து இந்துஸ்தானி கயால் பாட்டு கேட்கும் ஊரில், இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு பார்த்தால் அதன் போதாமை பளிச்சென்று தெரிகிறது. அளக்க எளிதானதைச் சேவைகள் அளக்கின்றன. அந்த இசைக்கு வேண்டியது எதுவோ அது எந்தக் கட்டத்திலும் இல்லை.

முதலில் லாஸ்லெஸ்ஸுக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். எம்பி3, ஏஏசி போன்ற வடிவங்கள் காதுக்கு எட்டாது என்று கணித்த பகுதிகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சேமிப்பவை. பிட்ரேட் குறைவாக இருந்தால் இந்தக் கழிவு இரண்டு இடங்களில் பிடிபடும். ஒன்று, தாக்கி எழும் ஓசை: தபலாவின் ஓரத்தில் விரல் படும் கூர்மையான அடிக்கு முன்னால் மெல்லிய முன்னொலி கசிந்துவிடும். மற்றொன்று, இடைவிடாமல் ஒலிக்கும் தம்பூரா. குதிரையின் வளைவான ஜவாரி சரியாக அமைந்த தம்பூராவில் ஒரு தந்தியை மீட்டினால் அதன் மேலதிர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக மலர்ந்து அடங்கும். 96 கேபிபிஎஸ் கோப்பில் அந்த இடம் தண்ணீருக்கடியில் கலங்குவதுபோல் ஆகிவிடும். 320 கேபிபிஎஸ்ஸுக்கு வந்துவிட்டால் இந்தக் குறைகள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. மறைத்து வைத்து ஒப்பிடச் சொன்னால் பெரும்பாலோர் திணறுவார்கள். அப்படியானால் லாஸ்லெஸ் எதற்கு என்று கேட்கலாம். கேட்பவரின் கைக்கு வருவதற்குள் ஒலி இன்னும் சில தடவை சுருக்கப்படக்கூடும் என்பதால்தான். ஒருமுறை கழித்ததை ப்ளூடூத் மீண்டும் கழிக்கும்போது இழப்பு கூடும். மூலத்தில் கழிவில்லை என்றால் ஒரு சந்தேகமாவது தீர்கிறது. அந்த நிம்மதி 99 ரூபாய்க்குக் கிடைத்ததை ஏளனம் செய்ய முடியாது.

ஆனால் சிக்கல் அதற்கு மேலே ஏறும்போது தொடங்குகிறது. 1982இல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்த சிடியின் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். இது 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளை முழுமையாகப் பதியும். மனிதக் காதின் எல்லை இளமையிலேயே 20,000 ஹெர்ட்ஸை ஒட்டி முடிந்துவிடுகிறது, வயது ஏற ஏற இன்னும் இறங்கும். 16 பிட் தரும் மெல்லொலிக்கும் உச்ச ஒலிக்கும் இடையிலான வீச்சு சுமார் 96 டெசிபல். சீலிங் ஃபேன் ஓடும், கீழே ஸ்கூட்டர்கள் போகும் ஒரு ஃபிளாட்டில் அறையின் இரைச்சலே 40 டெசிபலைத் தொடும். அதற்கு மேல் 96 டெசிபலைக் கூட்டினால் காது வலிக்கும் அளவையும் தாண்டிவிடும். 24 பிட் தரும் 144 டெசிபலை அந்த அறையில் எங்கே கொண்டுபோய் வைப்பது? 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற ஆப்பிளின் உச்ச அளவுக்கு விலை மட்டும் உண்டு: 10 ஜிபி இடத்தில் லாஸ்லெஸ் பாடல்கள் ஏறத்தாழ 1,000 அடங்கும் என்றால் ஹை-ரெஸ் பாடல்கள் 200தான் அடங்கும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. இந்த வகையில் ஸ்பாட்டிஃபை 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் நிறுத்திக்கொண்டதை ஆடியோஃபைல்கள் கஞ்சத்தனம் என்பார்கள். கஞ்சத்தனமாகவே இருக்கட்டும், காதுக்கு அதனால் நட்டமில்லை.

இதற்கு வரும் மறுப்பு எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. சில நொடி ஒப்பீட்டுச் சோதனையில் தெரியாத வேறுபாடு, மணிக்கணக்கில் கேட்கும்போது தெரியும் என்பது அது. சான்றுகள் இரு பக்கமும் உள்ளன. 2007இல் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையில், ஹை-ரெஸ் ஒலியை இடையில் சிடி அளவுக்குக் குறைத்துக் கொடுத்தபோது கேட்டவர்களால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 2016இல் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, சரியான பதில்களின் விகிதம் 52.3 சதவீதம் என்று வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது இன்னும் கூடுதல். கண்ணை மூடிக் காசைச் சுண்டினாலே 50 வரும். ஆக வேறுபாடு அறவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் விளம்பரங்கள் சொல்லும் ‘திரை விலகிய’ அனுபவம் இந்த இரண்டே கால் சதவீதத்துக்குள் அடங்காது. பிறகு ஏன் பலர் ஹை-ரெஸ் பதிப்பில் நிஜமாகவே வேறுபாடு கேட்கிறார்கள்? பெரும்பாலும் அது வேறு மாஸ்டர் என்பதால். வேறொருவர், வேறு நாடாவிலிருந்து, வேறு அளவில் ஓங்கலையும் அடக்கலையும் அமைத்திருப்பார். கேட்பவர் பாராட்டுவது அவருடைய கைவேலையை. பெயர் வாங்கிக்கொள்வது பிட். டைடல் பல காலம் தூக்கிப் பிடித்த எம்கியூஏ வடிவத்தின் கதையும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். ஸ்டுடியோ மாஸ்டரே வீட்டுக்கு வருகிறது என்ற வாக்குறுதியோடு 2014இல் வந்த அது, 2023இல் கடனில் தத்தளித்தது. அடுத்த ஆண்டே டைடல் அதைக் கைவிட்டுச் சாதாரண லாஸ்லெஸ் வடிவமான ஃப்ளாக்குக்கு மாறியது. அதற்காகத் தனி டிஏசி (எண்மக் கோப்பை ஒலியலையாக மாற்றும் கருவி) வாங்கி வைத்தவர்களைப் பற்றி யாரும் அட்டவணை போடவில்லை.

கருவிகள் பக்கம் நீண்டு பேச எதுவுமில்லை. ஏர்பாட்ஸில் ப்ளூடூத் வழியே லாஸ்லெஸ் கேட்க முடியாது. சோனியின் ப்ளூடூத் வடிவமான எல்டாக்கே அதிகபட்சம் 990 கேபிபிஎஸ். சிடிக்கு வேண்டியது 1,411. ஐபோனில் ஆப்பிளின் சின்ன இணைப்பி 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதற்கு மேல் வேண்டுமானால் வெளி டிஏசி வாங்க வேண்டும். 299 ரூபாய் கட்டிவிட்டு ப்ளூடூத் ஹெட்போனில் கேட்பவர்களில் பெரும்பாலோர் லாஸ்லெஸ்ஸை ரசீதில் மட்டுமே பார்க்கிறார்கள்.

இனி புனேயின் இசைக்கு வருவோம். அந்த ஊருக்கும் கிரானா கரானா என்ற இந்துஸ்தானிப் பாடல் பரம்பரைக்கும் உள்ள உறவுக்கு அப்துல் கரீம் கான் அடித்தளம் போட்டார். 1913இல் அங்கே ஆர்ய சங்கீத வித்யாலயத்தைத் தொடங்கினார். அவருடைய சீடர் சவாய் கந்தர்வா, அவருடைய சீடர் பீம்சேன் ஜோஷி. குருவின் பெயரில் விழா எடுத்தவர் ஜோஷி. கானின் மகள் ஹீராபாய் படோதேகரிடமும் மகன் சுரேஷ்பாபு மானேயிடமும் கற்றவர் பிரபா ஆத்ரே. தமிழ் வாசகருக்கும் கான் அந்நியர் அல்ல. தியாகராஜரின் கரஹரப்பிரியா கீர்த்தனையை இசைத்தட்டில் பாடியவர் அவர். சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகும் வழியில் 1937 அக்டோபர் 27 அன்று சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் உயிர் நீத்தவர். அவருடைய ஒலிப்பதிவுகள் இருவகை. 1905ஐ ஒட்டி ஊதுகுழல் முன்னால் பாடிப் பதிந்தவை சில. 1930களில் ஓடியன் நிறுவனத்துக்காக மின் ஒலிவாங்கியில் பதிந்தவை மற்றவை. முதல் வகையில் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டாம் வகை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் போகும். இவற்றை 192 கிலோஹெர்ட்ஸில் கேட்பது என்றால், 96,000 ஹெர்ட்ஸ் வரை ஊசி அரக்கில் உராயும் சத்தத்தைத் துல்லியமாகக் கேட்பது என்று பொருள்.

பழைய இசைத்தட்டில் ஒலித்தரம் என்பது வேறோர் இடத்தில் முடிவாகிறது. அந்தக் காலத் தட்டுகள் எல்லாமே நிமிடத்துக்கு 78 சுற்றில் பதியப்பட்டவை அல்ல. 80 சுற்றில் பதிந்த ஒரு தட்டை 78இல் ஓடவிட்டு எண்மமாக்கினால் சுருதி ஏறத்தாழ 44 சென்ட் இறங்கும். அரைச் சுரத்தில் பாதிக்குச் சற்றே குறைவு. சுரங்களுக்கு இடையிலான உறவு கெடாது. ஆனால் குரல் தடித்துப்போகும், வேகமான சுர வரிசைகளான தான்களின் ஓட்டம் தளரும். உயர்ந்த சுருதியில் மெல்லிய இழையாகப் பாடியவர் என்று பெயர் பெற்ற ஒருவரின் இயல்பே மங்கிவிடும். அடுத்தது இரைச்சல் நீக்கம். சுரசுரப்பைத் துடைக்கிறேன் என்று மென்பொருளை அளவுமீறி முடுக்கினால் குரலின் மேலதிர்வும், பின்னால் ஒலிக்கும் சுருதியும் சேர்ந்தே போய்விடும். மிஞ்சுவது கம்பளிக்குள்ளிருந்து வரும் குரல். எந்தத் தட்டிலிருந்து எடுத்தது, எந்த வேகத்தில் ஓட்டியது, எவ்வளவு துடைத்தது என்ற மூன்று விவரமும் இல்லாமல் ‘லாஸ்லெஸ்’ என்று முத்திரை குத்தினால், தவறான வேகத்தில் போன சுருதியை இம்மியும் இழக்காமல் தருகிறோம் என்றுதான் அதற்கு அர்த்தம். ஆவணக் காப்பாளர்களே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் எண்மமாக்கச் சொல்கிறார்களே என்று இங்கே ஒருவர் இடைமறிக்கலாம். சொல்கிறார்கள், சரியாகவே சொல்கிறார்கள். சிராய்ப்பின் ‘டிக்’ ஓசையை இனங்கண்டு நீக்கவும், திருத்தங்களுக்கு இடம் விடவும் அந்த அளவு வேண்டும். அது பட்டறைக்கான அளவு. கேட்பவருக்குத் தரும்போது அந்தத் தேவை முடிந்துவிடுகிறது. ஆனால் அதே காப்பாளர்கள் வேகத்தையும் மூலத்தையும் எழுதி வைக்கச் சொல்வதைச் சேவைகள் எடுத்துக்கொள்ளவில்லை.

எல்பி காலத்துப் பதிவுகளில் குறை வேறு விதமாக வருகிறது. பிரபா ஆத்ரேயின் புகழ்பெற்ற எல்பியில் ஒரு பக்கம் மாரு பிஹாக், மறுபக்கம் கலாவதி. அப்படி ஒரு பக்கம் முழுக்க ஓடும் ராகத்தில் மெதுவான விளம்பித கயால் வேகமான துருதத்துக்குள் நுழையும் கணம் ஒன்று உண்டு. தபலா வேகம் கூட்ட, தம்பூரா மட்டும் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கோப்புகளாக வெட்டி வைத்தால், இடைவெளியின்றி ஓட்டும் வசதி சற்று இடறினாலும் தம்பூரா ஒரு கணம் அறுந்துவிடும். பிளேலிஸ்டில் போட்டால் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகத் தூக்கி இறக்கும். மெல்லத் தொடங்கி ஓங்க வேண்டிய ராகம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். ஆல்பமாகக் கேட்டால் ஸ்பாட்டிஃபை இந்தத் தவற்றைச் செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துண்டாக்குவதற்குப் பொருளாதாரத் தூண்டுதலும் இருக்கிறது. 30 நொடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம். மூன்று நிமிடத் திரைப்பாட்டும் ஐம்பது நிமிட தர்பாரி ராகமும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். 2024 முதல் ஆண்டுக்கு 1,000 ஸ்ட்ரீம் எட்டாத பதிவுக்கு ஸ்பாட்டிஃபை பணமே தருவதில்லை. நீண்ட ராகத்தை நீண்டதாகவே வைத்திருப்பவர் நட்டப்படுகிறார். கேட்பவர் பிளாட்டினத்துக்குக் கட்டும் கூடுதல் பணம் இந்த விகிதத்தைத் திருத்தப்போவதில்லை.

சிறு கூட்டத்துக்காக இவ்வளவு விவரம் யார் தொகுப்பார்கள் என்பது இறுதியாக வரும் கேள்வி. இதற்கு ஆப்பிளிடமே பதில் இருக்கிறது. பிரைம்ஃபோனிக் நிறுவனத்தை 2021இல் வாங்கி, 2023 மார்ச்சில் ஆப்பிள் மியூசிக் கிளாசிக்கல் என்ற தனிச் செயலியை வெளியிட்டது. மேற்கத்திய செவ்வியல் இசைக்கு இசையமைப்பாளர், படைப்பு, நடத்துநர், வாத்தியக் குழு என்று தேடலாம். ஒரே படைப்பின் வெவ்வேறு பதிவுகளை அடுக்கி ஒப்பிடலாம். அந்தச் செவ்வியலும் உலகச் சந்தையில் சிறுபான்மைதான். மனமிருந்தால் முடியும் என்பது அங்கே தெரிந்துவிட்டது. இந்துஸ்தானிக்கும் கர்நாடகத்துக்கும் அதே உழைப்பு கிடைத்தால் ராகம், தாளம், கரானா, பக்கவாத்தியக்காரர், பதிவான ஆண்டு, மூலத்தட்டின் எண் ஆகியவை தேடலுக்குள் வரும். இப்போது தபலா வாசித்தவர் பெயர் இருந்தாலே அதிர்ஷ்டம். தரவு எங்கே என்று தேடி அலையவும் வேண்டாம். மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் இந்தத் தட்டுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக அச்சிட்டிருக்கிறது. மைக்கேல் கின்னியர் அப்துல் கரீம் கானின் வாழ்க்கையையும் இசைத்தட்டுகளையும் சேர்த்து ஒரு முழுப் புத்தகமாகவே தொகுத்திருக்கிறார். அந்தப் பட்டியலைப் பாடல் பெயருக்குக் கீழே நான்கு வரியாக ஏற்றுவதற்கு 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பின் ஒரு நொடிக்கு ஆகும் இடத்தில் நூறில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை.