பெட்டியின் மூலையில் ஒரு மதகு

முதல்முதலாக வீட்டில் கணினி பூட்டுகிறவர்கள் காசையெல்லாம் புரொசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கொட்டிவிட்டு, மிச்சத்தில்தான் பவர் சப்ளை தேடுவார்கள். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் அந்தச் சிக்கனம் நிலைக்காது.

இங்கத்தைய வயல்களுக்குக் கந்தளாய்க் குளத்து நீரை மதகு அளந்து விடுவதுபோல, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை நேர்மின்னோட்டமாக்கி 12, 5, 3.3 என்று பங்கிடுகிறது இந்தப் பவர் சப்ளை. அதன் அழகு தடுமாறாமையில் இருக்கிறது. நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லிசெக்கன். மின்சாரம் அறுந்தால், முழுச்சுமையிலும் ஏறக்குறைய 16 மில்லிசெக்கன் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது இன்டெலின் பழைய ஏடிஎக்ஸ் விதி. பல்ப் சிமிட்டியும் திரை அசையாதிருந்தால், அது உள்ளேயுள்ள பெரிய கபாசிட்டரின் தயவு. யூபிஎஸ் மாறி எடுக்கும் இடைவெளியையும் அதுவே நிரப்புகிறது. 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட இலங்கையில் இது சின்ன விஷயமல்ல.

வாங்கும்போது ஸ்டிக்கரின் பெரிய எழுத்து வாட்டை நம்பாமல், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ஆம்பியரைப் 12ஆல் பெருக்கினால் உண்மையான பலம் தெரியும். 80 பிளஸ் முத்திரை, இழுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதம் பயன்படும் என்பதற்கான சான்று, மிச்சம் வெப்பமாகும். திருகோணமலை வெயிலுக்கு 105 பாகை செல்சியஸ் தாங்கும் கபாசிட்டர் நல்லது. சுவர்ப் பிளக்கில் எர்த் சரியாக இருக்கட்டும்.

புரொசசர் சில வருடத்தில் பழசாகிவிடும். நல்ல பவர் சப்ளையைக் கழற்றி அடுத்த கணினிக்கும் பூட்டலாம்.