குனிச்சிகாவின் சிவப்பு

ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுக்கள் பற்றிய புத்தகங்களில் பழகிப்போன ஒரு வரைபடம் உண்டு. 1794-95இல் பத்து மாதம் மட்டும் நடிகர்களை வரைந்துவிட்டு மறைந்துபோன ஷராக்கு அதன் உச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி சீரழிவு. 1915வாக்கில் 'ஷின் ஹங்கா' எனும் புதிய அச்சு இயக்கம் வர, மீட்பு. கபுக்கி நடிகர்களையே வாழ்நாள் முழுக்க வரைந்த தொயோஹாரா குனிச்சிகா (1835-1900) இந்தக் கணக்கில் சீரழிவுப் பக்கம். நத்தோரி ஷுன்சென் (1886-1960) மீட்புப் பக்கம். பொற்காலம், இருண்ட காலம் என்று எழுதியே எம்.ஏ. பாஸானவன் நான். அதனாலேயே இந்த வரைபடத்தின்மேல் சந்தேகம்.

குனிச்சிகா செய்த குற்றம்தான் என்ன? கண்ணைக் குத்தும் சிவப்பு, ஊதா. மேற்கிலிருந்து வந்த செயற்கைச் சாயம், மலிவுச் சரக்கு என்கிறார்கள். மலிவு என்பதுதான் இங்கே உண்மையான வசவு என்று படுகிறது. நாடகம் ஓடுகிற சூட்டோடு விற்ற தாள்கள் அவை. ரசிகன் வாங்கினான், அடுத்த நாடகம் வந்ததும் அடுத்த தாளை வாங்கினான். சில படங்களில் மூன்று தாளையும் சேர்த்து ஒரே ஒரு நடிகரை இடுப்புக்கு மேல் நிரப்பிவிடுவார் குனிச்சிகா. கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கான அளவு அது. பல தாள்களில் செதுக்கியவரின் பெயரும் ஒரு மூலையில் இருக்கும். ஓவியரோடு கூலிக்காரரும் கையெழுத்துப் போட்ட கலை, இதையா சீரழிவு என்பது?

அதே வருஷங்களில்தான் கபுக்கியையே குளிப்பாட்டி எடுக்கிற வேலையும் நடந்தது. 1886இல் நாடகச் சீர்திருத்தச் சங்கம் வந்தது. 1887இல் வெளியுறவு அமைச்சர் இனோவே கவோருவின் மாளிகையில், மெய்ஜி பேரரசர் முன்னால் ஒன்பதாம் தான்ஜுரோ ஆடினார். 'ஆற்றுப்படுகைப் பிச்சைக்காரர்' என்று ஏசப்பட்ட சாதிக்கு அது பெரிய விடுதலை, மறுக்க முடியாது. ஆனால் மேடை மரியாதைக்குரியதாக ஆக, அதன் கூச்சலும் பகட்டு வண்ணமும் வெட்கப்பட வேண்டியவை ஆகிவிட்டன.

ஷுன்சென்னை நான் மட்டம் தட்டவில்லை. பதிப்பாளர் வதனாபே ஷோசாபுரோவுக்காக 1916இல் அவர் வரைந்த முதலாம் கஞ்சிரோவைப் பாருங்கள். காதலுக்காகச் சாகப்போகிற இளம் காகித வியாபாரி ஜிஹேய் வேடம்; நடிகருக்கோ வயது ஐம்பத்தாறு. தலையில் துண்டு, தன்னை மறந்த முகம். வேடமும் வயதும் ஒரே கோட்டில் நிற்கின்றன. ஷராக்குவுக்கு இருந்த கேலி இதில் இல்லை, பரிவு இருக்கிறது. 1925-29இல் வந்த முப்பத்தாறு முகங்களில் அப்ரகப்பொடி மின்னும் பின்னணிகூட அடக்கமாகத்தான் மின்னும்.

ரொம்ப நல்ல தாள், ரொம்ப நல்ல வேலை, குறைந்த எண்ணிக்கை. செதுக்குகிற கை மீட்கப்பட்டது சரி. வாங்குகிறவன் யார்? 1930இல் அமெரிக்காவின் டொலீடோ அருங்காட்சியகச் சுவரில் ஷுன்சென்னின் நடிகர்கள் தொங்கினார்கள். கபுக்கியை ஒருநாளும் பார்த்திராதவர்கள் நின்று ரசித்தார்கள். தோக்கியோவின் ரசிகன் அதற்குள் நடிகரின் போட்டோவை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தான்.