முதல் பக்கம் மறுபதிப்புக்கு, இரண்டாம் பக்கம் பழையதற்கு

முதல் அச்சுக்கு நிகர் எதுவும் இல்லை என்று இசைத்தட்டு சேகரிப்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வை வைத்துப் பார்த்தால், அந்தக் கட்சி முதல் பக்கத்திலேயே தோற்றுவிடுகிறது.

1959 மார்ச் 2, நியூயார்க், கொலம்பியா இசை நிறுவனத்தின் 30-ஆம் தெரு ஸ்டுடியோ. அன்று பிரதான டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும், நடையும் விரையும். அன்று பதிவான 'சோ வாட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'ப்ளூ இன் க்ரீன்' மூன்றும்தான் தட்டின் முதல் பக்கம். ஆகஸ்டில் வெளியானதிலிருந்து முப்பது வருடத்துக்கு மேல் உலகம் கேட்டது சுருதி ஏறிய மைல்ஸைத்தான். சரியாகச் சுருதி சேர்த்த பியானோவில் அந்தத் தட்டோடு சேர்ந்து வாசித்தால் ஒட்டாது. சுருதி மாதா, லயம் பிதா என்போம். இங்கே இரண்டுமே பிசகியிருந்தன. நல்லவேளை, கூடவே ஓடிய காப்பு இயந்திரம் சரியான வேகத்தில் பதிந்திருந்தது. அந்த டேப்பைக் கொண்டு 1992-இல் பிழையைத் திருத்தினார்கள். இந்தப் பக்கத்தில் மறுபதிப்புக்கே வெற்றி.

இரண்டாம் பக்கத்தின் கதை வேறு. 'ஆல் ப்ளூஸ்', 'ஃப்ளெமென்கோ ஸ்கெட்சஸ்' இரண்டும் ஏப்ரல் 22-இல் பதிவானவை. வேகக் கோளாறு கிடையாது. இங்கே பழைய அச்சின் பலம், டேப்பின் இளமை. பதிந்து சில மாதமே ஆன டேப்பிலிருந்து வெட்டிய தட்டு அது. டேப் என்பது இரும்பு ஆக்சைடு துகள் பூசிய பிளாஸ்டிக். வயது ஏற ஏற, ஓட்ட ஓட்ட, உச்ச ஒலிகள்தான் முதலில் தேயும். அந்த ஸ்டுடியோ முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம், கூரை வெகு உயரம். டிரம்மர் ஜிம்மி காப் சிம்பலைத் தொட்டதும் அந்த ஓசை கூரைவரை போய்க் கரைவதை முதல் அச்சில் கேட்கிறேன். மறுபதிப்பில் சிம்பல் துல்லியம். கரைவது மட்டும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஆனால் அந்தப் பழைய தட்டு பழுதில்லாமல் கிடைக்க வேண்டுமே! ஊசிக்கு அடியில் தட்டு ஓடும் வேகம் வெளி வளையத்தில் வினாடிக்குச் சுமார் 50 செ.மீ.; உள் வளையத்தில் 21 செ.மீ.தான். அதே ஒலியை இடுக்கில் திணிப்பதால், தேய்ந்த தட்டில் முதலில் கரகரப்பது கடைசிப் பாட்டு. 'ஃப்ளெமென்கோ ஸ்கெட்சஸ்' அங்கேதான் இருக்கிறது.

மறுபதிப்பு வாங்குவோர் அட்டைப் புகழ்ச்சியை மட்டும் நம்ப வேண்டாம். முழுக்க அனலாக் என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய தன் தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்ததை 2022-இல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற மறுபதிப்பு நிறுவனமே ஒப்புக்கொண்டது. எந்த டேப், யார் வெட்டியது, வேகம் திருத்தியதா என்று கேட்டு வாங்குங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், என் ஓட்டு வேகம் திருத்திய மறுபதிப்புக்கு.