அணைத்து வைக்கப்பட்ட கருவி: ‘அரசுசாரா’ ராஜதந்திரம் குறித்து

1986 ஜூலை. கஜகஸ்தானில் கர்கராலின்ஸ்க் என்கிற சிற்றூர். செமிபலாதின்ஸ்க் அணுகுண்டுச் சோதனைக் களத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். அமெரிக்க விஞ்ஞானிகள் அங்கே நில அதிர்வுமானிகளைப் பொருத்துகிறார்கள். அவர்களை அனுப்பியது அமெரிக்க அரசு அல்ல. என்.ஆர்.டி.சி. என்ற அமெரிக்கச் சூழலியல் அமைப்பும் சோவியத் அறிவியல் அகாடமியும் அந்த மே மாதம் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் அவர்கள். ரஷ்யர்கள் திருட்டுத்தனமாக வெடித்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லியே சோதனைத் தடையை ரீகன் அரசு தட்டிக்கழித்துக்கொண்டிருந்த காலம். கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு அந்தக் கருவிகளே பதில்.

இதை ஒரு வெற்றிக் கதையாகத்தான் சொல்லி வருகிறார்கள். 1957இல் கனடாவின் பக்வாஷ் கிராமத்தில் இரு முகாம்களையும் சேர்ந்த 22 அறிஞர்கள் கூடியது, 1972இல் ஆஸ்திரியாவை இருப்பிடமாகக் கொண்டு ஐ.ஐ.ஏ.எஸ்.ஏ. என்ற ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது எல்லாம் இதே வரிசை. அரசுகள் பேச மறுத்தன, அறிஞர்கள் பேசினார்கள், கதவு திறந்தது. இந்தக் கதையாடலில் அதிகாரம் ஒரு பக்கம், அறிவு மறுபக்கம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உறவு இல்லையா? ஐ.ஐ.ஏ.எஸ்.ஏ. உருவாக முன்னின்று பேசிய இரண்டு பேரைப் பாருங்கள். அமெரிக்கத் தரப்பில் மக்ஜார்ஜ் பண்டி. கென்னடிக்கும் ஜான்சனுக்கும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர். 1965இல் வட வியட்நாம் மீது தொடர் குண்டுவீச்சைப் பரிந்துரைத்தவர். சோவியத் தரப்பில் ஜெர்மன் க்விஷியானி. பிரதமர் கோசிகினின் மருமகன். சாசனத்தில் கையெழுத்திட்டவை அரசுகள் அல்ல, அறிவியல் அமைப்புகள்தானாம். சரி, மாப்பிள்ளை வந்து உட்கார்ந்த பந்தியில் மாமனார் இல்லை என்று யார் நம்புவது?

‘அரசுசாரா’ என்ற சொல்லுக்கு இங்கே அரசுக்கு வெளியே என்று பொருள் இல்லை. அரசு வேண்டும்போது மறுத்துவிடலாம் என்று பொருள். காரியம் பலித்தால் அது அரசின் சாதனை. பலிக்காவிட்டால் ‘யாரோ நாலு வாத்தியாருங்க பேசிக்கிட்டது’. இதை நான் வெறும் கிண்டலாகச் சொல்லவில்லை. முகம் இழக்க அஞ்சும் இரண்டு வல்லரசுகளுக்கு இடையே, மறுக்கக்கூடிய பேச்சு ஒன்று தேவைப்பட்டது. கியூபா நெருக்கடிக்குப் பின் அது உயிர்களைக் காத்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் இந்தப் பேச்சுக்கு ஒரு விலை உண்டு. பந்தியில் உட்கார வேண்டுமானால் முரண்பாட்டைத் தொழில்நுட்பக் கேள்வியாக மாற்றியாக வேண்டும். கிலோடன் பேசலாம், அதிர்வின் அளவு பேசலாம். புல்வெளியில் மந்தை மேய்த்தவனின் நோயைப் பேச அந்த மொழியில் இடமில்லை. பக்வாஷ் விஞ்ஞானிகளுக்குப் பங்கிருந்ததாகப் பெருமையோடு சொல்லப்படும் 1963ஆம் ஆண்டுப் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வானத்தில் வெடிப்பதைத் தடுத்தது, மண்ணுக்கடியில் வெடிப்பதை விட்டுவைத்தது. செமிபலாதின்ஸ்க்கில் வெடிப்பு நிற்கவில்லை, கீழே இறங்கியது.

1987 பிப்ரவரி 26. பத்தொன்பது மாதம் நிறுத்திவைத்திருந்த சோதனையை சோவியத் அரசு மீண்டும் தொடங்கியது. கர்கராலின்ஸ்க் கருவிகள் என்ன பதிவு செய்தன? ஒன்றுமில்லை. சோவியத் சோதனை நடக்கும் நேரத்தில் அவை அணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நில அதிர்வை அளக்க வந்த கருவி, நிலம் அதிர்ந்த நேரத்தில் ஊமையாக இருந்தது. அதே மண்ணில் 1949இலிருந்து 450க்கும் மேற்பட்ட வெடிப்புகளைத் தாங்கிய மக்களுக்கு அணைத்துக்கொள்ள எந்த ஸ்விட்ச்சும் இல்லை.

அவர்கள் பேசியது 1989இல். அந்தப் பிப்ரவரியில் நிலத்தடிச் சோதனையிலிருந்து கதிரியக்க வாயு கசிந்தது. கஜக் கவிஞர் ஓல்ஜாஸ் சுலைமேனவ் தொலைக்காட்சியில் தோன்றி, பேச இருந்ததை விட்டுவிட்டுக் கசிவைப் பற்றிப் பேசினார். பிப்ரவரி 28ஆம் தேதி அல்மா-அத்தாவில் எழுத்தாளர் சங்கக் கட்டடத்தில் மக்கள் திரண்டார்கள். பிறந்த இயக்கத்துக்கு வைத்த பெயர் ‘நெவாடா–செமிபலாதின்ஸ்க்’. எதிரி நாட்டின் சோதனைக் களத்தையும் தன் களத்தையும் ஒரே பெயரில் கோர்த்தார்கள். இதுவும் முகாம்களைக் கடந்த ராஜதந்திரம்தான், எந்த ஆய்வு நிறுவனத்தின் கடிதத்தாளிலும் எழுதப்படாதது. அந்த அக்டோபரோடு அங்கே வெடிப்பு நின்றது. 1991 ஆகஸ்ட் 29 அன்று களமே மூடப்பட்டது.

சுலைமேனவும் அப்பழுக்கற்ற ‘வெளியாள்’ அல்ல. அரசு அங்கீகரித்த எழுத்தாளர் சங்கத்தின் தலைமையில் இருந்தவர். ஆகவே நிறுவனத்துக்குள் இருப்பதே துரோகம் என்று நான் வாதிடவில்லை. அதிர்வுமானிகள் வந்திராவிட்டால் ‘சரிபார்க்க முடியாது’ என்ற சாக்கு இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருந்திருக்கும். இரண்டும் தேவைப்பட்டன. ஆனால் சுலைமேனவ் சங்கத்தின் மேடையைத் தன் ஜனங்களிடம் கொடுத்தார். அறிஞர்களின் மேசையில் அந்த ஜனங்களுக்கு நாற்காலியே போடப்படவில்லை.

எழுத்தாளர்களுக்கும் செயல்பாட்டாளர்களுக்கும் இப்படிப்பட்ட மேசைகளிலிருந்து அழைப்பு வரத்தான் செய்யும். போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். போவதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: நிலம் அதிரும்போது கருவியை அணைக்கச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது?