தாய்ப் பிரிவும் ஊர்ப் பிரிவும்: பௌல்பியின் கொள்கை பற்றி ஒரு மறுநோக்கு

இளங்குழந்தையைத் தாயினின்று பிரித்தல் அதன் வளர்ச்சியை எவ்வாறு பாதிக்கும் என்னும் வினா, இரண்டாம் உலகப் போரின் பின்னர்ப் பரவலான ஆய்வுக்குரிய பொருளாயிற்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வேண்டுகோளுக்கிணங்க ஜோன் பௌல்பி 1951இல் வெளியிட்ட அறிக்கை இத்துறையில் ஒரு திருப்புமுனையாகும். தாயுடனோ, தாயின் இடத்தில் நிலையாக நிற்கும் ஒருவருடனோ, அன்பும் தொடர்ச்சியும் உள்ள உறவு தொடக்க ஆண்டுகளிற் கிடைத்தல் வேண்டும். அது தவறின் உளநலம் நெடுங்காலத்துக்குக் குன்றும் என்பதே அதன் சாரம். இக்கொள்கையின் பெறுமதியை ஏற்றுக்கொண்டு, நமது சமூகச் சூழலில் அதன் எல்லை எது என வினவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெறுமதி சிறிதன்று. மருத்துவமனையில் தனித்து விடப்பட்ட குழந்தை முதலிற் கதறி எதிர்க்கும். பின்னர் நம்பிக்கையிழந்து சோரும். ஈற்றில் தாய் வந்தபோதும் முகம் திருப்பும். ஜேம்ஸ் றொபேர்ட்சன் 1952இல் படமாக்கிய இரண்டு வயதுச் சிறுமியின் மருத்துவமனை நாட்கள், பெற்றோர் குழந்தையைப் பார்க்க வருவதை மட்டுப்படுத்திய விதிகளைக் கேள்விக்குள்ளாக்கின. ருமேனியாவின் அநாதை விடுதிகளில் வாழ்ந்த 136 குழந்தைகளைக் கொண்டு 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆய்வும், ஏறத்தாழ இரண்டு வயதுக்கு முன் வளர்ப்புக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களே கூடிய நலம் பெற்றனர் எனக் காட்டிற்று. பிரிவு ஊறு செய்யும் என்பதில் ஐயமில்லை.

ஆயின், எதனினின்று பிரிவு? இவ்விடத்திலேதான் கொள்கை தளர்கின்றது. காசநோய் மருத்துவமனையிற் சிறு வயதிற் கிடந்த 60 குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த பௌல்பியும் அவர்தம் துணைவரும், எதிர்பார்த்த அளவுக்குப் பாதிப்பு ஒருசீராக இல்லாமை கண்டு, தம் தரப்பினர் சில வேளைகளில் மிகைப்படுத்திக் கூறியதை 1956இல் ஒப்புக்கொண்டனர். 1972இல் மைக்கேல் ரட்டர், பற்றே உருவாகாமையும் உருவான பற்று முறிதலும் வெவ்வேறு என்றும், குழந்தை ஒருவரோடு மட்டுமன்றிப் பலரோடும் பற்றுக் கொள்ளும் என்றும் தெளிவுபடுத்தினார்.

இத்தெளிவை மயிலிட்டியில் வைத்து நோக்குதல் பொருத்தமானது. வலிகாமம் வடக்கின் இக்கரையோர மீன்பிடியூர், 1990 யூனில் முற்றாக இடம்பெயர்ந்து, உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. அதற்கு முன் அங்கே குழந்தை வளர்ந்த முறை யாது? யாழ்ப்பாணத்தில் வீடு சீதனமாக மகளுக்கே செல்வது வழக்கு. ஆதலால் மணமான சகோதரிகள் தாய் வீட்டை அண்டியே வாழ்ந்தனர். தகப்பன் கடலில், தாய் கருவாட்டிலோ சந்தையிலோ, குழந்தை அம்மம்மாவின் மடியிலோ சின்னம்மாவின் இடுப்பிலோ. அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா ஆகிய சொற்கள் அனைத்திலும் 'அம்மா' நிற்பது தற்செயலன்று. வளர்ப்புப் பொறுப்பின் பங்கீட்டை மொழி பதிவு செய்துள்ளது. பழந்தமிழ் அகமரபும் பெற்ற நற்றாயை வளர்த்த செவிலியினின்று பிரித்தறிந்து, இருவருக்கும் கூற்றுரிமை வழங்கிற்று.

இதனைப் பழம்பெருமையாக்குதல் தவறு. செவிலி வசதி படைத்த இல்லத்துக்குரியவள். கரையூரின் பங்கீடோ உழைப்பின் தேவையிற் பிறந்தது. மேலும், உடன்போக்கிற் சென்ற மகளை நினைந்து நற்றாயும் செவிலியும் புலம்பும் பாடல்கள் பல இருப்பினும், பிரிக்கப்பட்ட சிறு குழந்தையின் குரலுக்கு அம்மரபில் இடமில்லை. நம் திறனாய்வு அக்குறையையும் எண்ணுதல் வேண்டும்.

இனி, 1990இன் பின் நிகழ்ந்தது யாது? மல்லாகம், சுன்னாகம் முதலிய இடங்களின் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் ஊரவர் சிதறினர். 1995இல் வலிகாமமே பெயர்ந்தபோது மீண்டும் சிதறினர். இப்பெயர்வுகளில் தாயைப் பிரியாத குழந்தையும், அம்மம்மாவை, அயல் முற்றத்தை, கடற்கரையை இழந்தது. பௌல்பியின் அளவுகோலால் அளப்பின் இக்குழந்தைக்கு இழப்பே இல்லை! போர்க்கால இலண்டனிற் குழந்தைகளைப் பராமரித்த அன்னா பிராய்டும் டொரத்தி பேர்லிங்காமும், குண்டுவீச்சைவிடக் குடும்பப் பிரிவே குழந்தையைக் கூடுதலாக உலைத்ததாகக் கண்டனர். நம் சூழலில் 'குடும்பம்' என்பதை ஊர் வரையில் விரித்தே இம்முடிவைப் படித்தல் வேண்டும். யாழ்ப்பாண உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் வடுவைத் தனியாளின் நோயாக மட்டுமன்றிச் சமுதாயத்தின் கூட்டு வடுவாகவும் விளக்கியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அளவுகோலின் குறுக்கம் ஏட்டளவில் நிற்பதன்று. இலங்கையில் 2013இல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள பெண்கள் வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்வது தடுக்கப்பட்டது. 2022இல் அவ்வெல்லை இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. தகப்பனுக்கு இத்தகைய தடை இல்லை. தாயை வெளிநாட்டுக்குத் துரத்திய வறுமையையும், அவள் சென்றாற் குழந்தையை ஏந்தக்கூடிய உறவு வட்டத்தைச் சிதைத்த இடப்பெயர்வையும் விடுத்து, குற்றத்தைத் தாயொருத்தியின் தலையிற் சுமத்துவதற்கு 'தாய்ப் பிரிவு'க் கொள்கை எளிதில் வாய்ப்பளிக்கின்றது. அறிவியலின் பெயரால் நிகழும் இவ்வநீதியை எதிர்ப்பது திறனாய்வின் கடமையாகும்.

27 ஆண்டுகளின் பின், 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதனை அண்டிய ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டன. 1990இல் இரண்டு வயதாயிருந்தவர் அப்போது 29 வயதினர். தாமே பிள்ளை பெற்று வளர்க்கும் பருவத்தினர். அவருக்குக் காணி மட்டும் மீண்டால் போதாது. சகோதரியும் அயலவரும் அருகே வந்து குடியமரும் வகையிலும், முன்பள்ளியும் தாய்சேய் நிலையமும் உடன் அமையும் வகையிலும் மீள்குடியேற்றம் திட்டமிடப்படுதல் வேண்டும். குழந்தைக்கு நிலையான ஓர் அன்புறவு வேண்டும் என்ற பௌல்பியின் கூற்று உண்மை. அவ்வுறவைத் தாங்கி நிற்கும் ஊரும் வேண்டும் என்பது, அவர் போதிய அளவு காணாத, மயிலிட்டி நமக்குக் காட்டும் மறுபாதி உண்மை.