காலிக் கட்டத்தின் அழகு

ஒரு தரவுத்தளம் எத்தனை பெரியது என்பதைவிட, தனக்குத் தெரியாததை அது எப்படிக் குறித்து வைக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அந்த வகையில் விக்கித்தரவு எனக்கு அலுத்ததே இல்லை. 2012 அக்டோபரில் தொடங்கி, இன்று பத்துக் கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகளைப் பிணைத்து நிற்கும் நாலெட்ஜ் கிராஃப் அது. அண்டத்துக்கு க்யூ1, மனிதருக்கு க்யூ5 என்று எல்லாவற்றுக்கும் எண் உண்டு.

அதில் பிறந்த தேதி என்ற சின்னக் கட்டத்தைப் பாருங்கள். ஷேக்ஸ்பியரின் ஞானஸ்நானம் 1564 ஏப்ரல் 26 அன்று நடந்ததாகத் தேவாலயப் பதிவேடு சொல்கிறது. பிறந்த நாளுக்குப் பதிவு இல்லை. வழக்கமான மென்பொருள் நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும் என்று அடம்பிடிக்கும். நாமும் தெரியாத இடத்தில் ஜனவரி 1 என்று போட்டுவிட்டு நகர்வோம். அப்படிப் பிறந்த பொய் ஜனவரிகள் எத்தனை பதிவேடுகளில் உட்கார்ந்திருக்கின்றன! விக்கித்தரவிலோ தேதியோடு அதன் துல்லியமும் ஓர் எண்ணாகக் கூடவே போகிறது. நாள்வரை தெரிந்தால் 11, மாதம்வரை என்றால் 10, ஆண்டு மட்டும் என்றால் 9, நூற்றாண்டுதான் தெரியும் என்றால் 7. எந்த நாட்காட்டி என்பதும் அங்கேயே இருக்கும். ஜூலியன் கணக்கில் 1642 டிசம்பர் 25இல் பிறந்த நியூட்டன், கிரெகோரியன் கணக்கில் 1643 ஜனவரி 4இல் பிறந்தவர் ஆயிற்றே.

இதைவிட நயம், காலியிடத்தை அது நடத்தும் விதம். அட்டவணைத் தரவுத்தளங்களில் 'நல்' என்று ஒரே வெறுமைதான். தெரியாது, இல்லை, இன்னும் யாரும் நிரப்பவில்லை என்ற மூன்றையும் அது விழுங்கிவிடும். அந்த அட்டவணை அமைப்பை வகுத்த எட்கர் காட் என்பவரே பிற்பாடு, 1990இல் வந்த தம் நூலில், அந்த வெறுமையை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். அத்தரவுத்தளங்களின் மொழியான எஸ்க்யூஎல் அதைக் கேட்கவில்லை. விக்கித்தரவு பிரித்தே வைத்திருக்கிறது. மணமே செய்துகொள்ளாத முதலாம் எலிசபெத்தின் கணவர் கட்டத்துக்கு 'மதிப்பு இல்லை'. தந்தை யாரென்று வரலாற்றில் பதிவாகாத ஒருவருக்கு 'மதிப்பு தெரியவில்லை'. யாரும் தொடாத கட்டம் அங்கே தோன்றுவதே இல்லை. தெரியாமையிலும் இத்தனை வகை உண்டு என்று மதித்து, ஒவ்வொன்றுக்கும் இடம் கொடுத்த அந்தப் பொறுமைக்காகவே இதை வடிவமைத்தவர்களைக் கும்பிடலாம்.

சான்றுகள் முரண்பட்டாலும் அது பதறுவதில்லை. திருவள்ளுவர் ஆண்டுக் கணக்கு கி.மு. 31இலிருந்து ஓடுகிறது, தமிழறிஞர் எஸ். வையாபுரிப்பிள்ளையோ வள்ளுவரை ஆறு நூற்றாண்டுகளுக்குமேல் பின்னால் கொண்டுவந்தார். அட்டவணையின் ஒற்றைக் கட்டத்தில் ஒன்றைத்தான் உட்கார வைக்க முடியும். விக்கித்தரவில் இரு கூற்றும், சொன்னவர் யார் என்ற சான்றோடு, அருகருகே நிற்கலாம். சான்றோடு வந்த கூற்று தவறென்று நிரூபணமானால்கூட அதை அழிக்க வேண்டியதில்லை. 'கைவிடப்பட்டது' என்ற தரத்துக்கு இறக்கி, காரணத்தையும் எழுதி வைக்கிறார்கள். சாதாரணமாகத் தேடுபவருக்கு அது தட்டுப்படாது. அதே தவறை நாளை இன்னொருவர் புதிதாகச் சேர்க்க வந்தால், முந்திக்கொண்டு நிற்கும்.